பென்ஷன் இல்லாத போலீஸ் கார்! தானம் கொடுத்தால் யாருக்கு லாபம்?

திருடனைத் துரத்தும். விபத்து நடந்த இடத்துக்கு விரையும். நள்ளிரவில் தெரு முனையில் நின்று காவல் காக்கும். அமெரிக்காவில் போலீஸ் கார் செய்யும் வேலை இது.

போலீஸ்காரர் ஓய்வு பெற்றால் பென்ஷன் உண்டு. அவர் ஓட்டிய கார் ஓய்வு பெற்றால்?

பெரும்பாலும் அது ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்தவர் சில ஆண்டுகள் ஓட்டுகிறார். பிறகு, "இதை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிடலாமே!" என்று நினைக்கிறார். கொடுத்தால் புண்ணியம் உண்டு. வருமான வரியில் சலுகையும் உண்டு.

ஆனால், அந்தக் காரின் மதிப்பில் எவ்வளவு ஏழையின் கைக்குப் போய்ச் சேருகிறது? அமெரிக்க சர்க்கார் ஒரு முறை இதைத் தோண்டிப் பார்த்தது. கிடைத்த விடை திடுக்கிட வைத்தது!

பெயர் பெற்ற கார்

அமெரிக்கப் போலீஸ் கார்களில் மிகவும் பெயர் பெற்றது, ஃபோர்டு கம்பெனியின் "கிரவுன் விக்டோரியா". இது கனடா நாட்டில் செயின்ட் தாமஸ் என்ற ஊரில் தயாரானது. கடைசிக் கார் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி வெளியே வந்தது. அதோடு அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள்.

8 சிலிண்டர் எஞ்சின். லாரிக்கு இருப்பது போல் கனமான இரும்புச் சட்டம். அதன் மேல் பாடி. மோதி நசுங்கினாலும் பழுது பார்ப்பது சுலபம். போலீஸ் வேலை முடிந்த பிறகு, இந்தக் கார்கள் பல டாக்சியாக ஓடியதற்குக் காரணம் இதுதான்.

சீருடை கழற்றும் சடங்கு

போலீஸ் காரை அப்படியே விற்றுவிட முடியாது. அயோக்கியன் ஒருவன் அதை வாங்கி, போலீஸ் போல நடித்து ஊரை ஏமாற்றலாம் அல்லவா? ஆகவே முதலில் அதன் சீருடையைக் கழற்றுகிறார்கள்.

கூரை மேல் உள்ள சுழல் விளக்கு போகும். சைரன் போகும். ரேடியோ போகும். கதவில் உள்ள எழுத்தும் சின்னமும் போகும். கலிபோர்னியா மாநிலத்தில், கருப்பு வெள்ளைப் போலீஸ் காரை வெளியாருக்கு விற்றால், அந்தத் தோற்றம் மாறும்படி வண்ணம் பூசியே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் பழைய அடையாளம் முழுவதும் மறைவதில்லை. கூரையில் விளக்கு இருந்த துளைகளை அடைத்த தடம் தெரியும். கைதி தப்பி ஓடாமல் இருக்க, பின் கதவு உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி செய்திருப்பார்கள். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குடும்பம் அந்தக் கதவை முதலில் மாற்றியாக வேண்டும்!

மீட்டர் சொல்லாத கணக்கு

பழைய போலீஸ் காரில் ஒரு ரகசியம் உண்டு. மீட்டரில் 80 ஆயிரம் மைல் என்று காட்டும். "பரவாயில்லையே!" என்று தோன்றும். ஆனால், எஞ்சின் உழைத்தது அதற்கு மேல்.

ஏன்? போலீஸ் கார் நிற்கும் போதும் எஞ்சினை நிறுத்துவதில்லை. ரேடியோவுக்கும் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டுமே! எஞ்சின் ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால், 33 மைல் ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டு கம்பெனியின் கணக்கு. ஆயிரம் மணி நேரம் நின்றிருந்தால், மீட்டரில் ஏறாத 33 ஆயிரம் மைல் தேய்மானம்!

சினிமாவிலும் வந்தது

1980-ம் ஆண்டில் "தி புளூஸ் பிரதர்ஸ்" என்ற அமெரிக்கப் படம் வெளிவந்தது. அண்ணன் தம்பி இருவர் வளர்ந்த அநாதை இல்லம் 5 ஆயிரம் டாலர் வரி பாக்கியில் மூழ்கும். அதைக் காப்பாற்ற இருவரும் ஒரு காரில் ஊர் ஊராக அலைவார்கள். அது என்ன கார் தெரியுமா? ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் கார்! பணத்தைக் கட்ட வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்ததும், அந்தக் கார் அக்கு வேறு ஆணி வேறாக உதிர்ந்து விழும்.

படத்தில் போலீஸ் கார் அநாதை இல்லத்தைக் காப்பாற்றியது. நிஜத்தில் என்ன நடக்கிறது?

கொடுத்தது 2,400, சேர்ந்தது 31!

தானமாக வரும் காரைப் பல தர்ம ஸ்தாபனங்கள் தாங்களே வைத்துக் கொள்வதில்லை. விற்றுப் பணமாக்குகின்றன. விளம்பரம் செய்வது, காரை இழுத்து வருவது, ஏலம் விடுவது எல்லாவற்றையும் ஏஜெண்டுகள் பார்த்துக் கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் பங்கு எடுத்துக் கொள்கிறார்கள்.

2003-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்காரின் தணிக்கை அலுவலகம் இதை ஆராய்ந்தது. தானமாக வந்த 54 வண்டிகளின் கணக்கைக் கையில் எடுத்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளின் கதை இதுதான்: கொடுத்தவர் 100 டாலர் மதிப்பு என்று எழுதினால், ஸ்தாபனத்துக்குச் சேர்ந்தது 5 டாலர் அல்லது அதற்கும் குறைவு!

1983-ம் ஆண்டு மாடல் சிறு லாரி ஒன்றைக் கொடுத்தவர், அதன் மதிப்பு 2,400 டாலர் என்று எழுதி வரிச் சலுகை கேட்டார். ஏலத்தில் அது 375 டாலருக்குப் போனது. செலவும் ஏஜெண்டு பங்கும் போக, தர்மத்துக்குக் கிடைத்தது 31 டாலர் 50 சென்ட்!

பல்லைப் பிடித்துப் பார்த்த சட்டம்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது நம் ஊர்ப் பழமொழி. அமெரிக்க சர்க்கார் பல்லைப் பிடித்தே பார்த்துவிட்டது!

2004-ம் ஆண்டில் புதுச் சட்டம் வந்தது. 2005 ஜனவரி முதல் அது அமலானது. தானமாகக் கொடுத்த கார் 500 டாலருக்கு மேல் விற்றால், கொடுத்தவர் தம் இஷ்டத்துக்கு மதிப்பு எழுத முடியாது. கார் என்ன விலைக்கு விற்றதோ, அந்தத் தொகைக்குத்தான் சலுகை. விற்ற 30 நாளுக்குள் அந்த விலையைக் குறித்து ஸ்தாபனம் அவருக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆனால், மூன்று விதமான தானத்துக்கு இந்தக் கட்டு இல்லை. காரை ஸ்தாபனமே தன் சேவைக்கு ஓட்டினால், ஒன்று. பெரிய அளவில் பழுது பார்த்து மதிப்பைக் கூட்டினால், இரண்டு. ஓர் ஏழைக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தால், மூன்று. இந்த மூன்றிலும் காரின் சந்தை மதிப்பு முழுவதற்கும் சலுகை கேட்கலாம்.

இந்தச் சட்டத்தின் கருத்து என்ன? கொடுத்தவர் சொல்லும் விலை முக்கியமல்ல. வாங்கியவருக்குக் கிடைத்த பலன்தான் முக்கியம்.

கார் போன வீட்டில் வேலை வந்தது

அமெரிக்காவில் பஸ் வசதி இல்லாத ஊர்கள் ஏராளம். அங்கே கார் ஆடம்பரம் அல்ல. கார் இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. குழந்தையை டாக்டரிடம் கொண்டு போக முடியாது.

இதை உணர்ந்து, மேரிலாந்து மாநிலத்தில் 1999-ம் ஆண்டில் "வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்" என்ற ஸ்தாபனம் தோன்றியது. தானமாக வரும் கார்களைப் பழுது பார்த்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பது இதன் வேலை. சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கு இங்கே மெக்கானிக் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் கைதியை ஏற்றிச் சென்ற கார் இப்படிப்பட்ட பட்டறைக்கு வந்தால், முன்னாள் கைதியின் கையாலேயே புது வாழ்வு பெறலாம்!

ஆனால், எல்லாப் போலீஸ் காரும் ஏழை வீட்டுக்கு ஏற்றது அல்ல. கிரவுன் விக்டோரியா பெட்ரோலைக் குடிக்கும் வண்டி. நகரத்துக்குள் ஓட்டினால் காலனுக்கு 16 மைல்தான் போகும். அமெரிக்க காலன் என்பது சுமார் 3.8 லிட்டர். தினமும் பெட்ரோல் போட முடியாத குடும்பத்துக்கு இந்தக் கார் உதவி அல்ல, பாரம். அப்படிப்பட்ட காரை நல்ல விலைக்கு விற்று, பணத்தை தர்மத்துக்குக் கொடுப்பதே மேல்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கார் கொடுக்க விரும்புகிறவர் ஸ்தாபனத்திடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். காரை ஓட்டப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா? விற்றால், ஏஜெண்டு பங்கு எவ்வளவு? மிச்சம் யாருக்குப் போகும்?

உரிமைப் பத்திரத்தை ஸ்தாபனத்தின் பெயருக்கு உடனே மாற்றி எழுதிக் கொடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால், பிறகு அந்தக் காருக்கு வரும் அபராதச் சீட்டெல்லாம் பழைய சொந்தக்காரர் வீட்டுக்கே வந்து சேரும்!

ஓடும் நிலையில் கொடுத்தால், கார் இன்னொரு குடும்பத்துக்கு உழைக்கும். வீட்டு வாசலில் கிடந்து துருப்பிடித்த பிறகு கொடுத்தால், காயலான் கடைக்குத்தான் போகும். கொடுக்கிறவர்கள் மனம் வைத்தால், காரின் இரண்டாவது வேலை முதல் வேலையை விடப் பெரியதாகவும் அமையும்.