பெறுபேற்றைத் தீர்மானித்தது யார்?

என் ராத்தா க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதியது 2020 ஒக்டோபரில். கொரோனா இரண்டாம் தடவையாகப் பரவத் தொடங்கியிருந்த நேரம். வாப்பா வாசலில் நின்று முகக்கவசத்தைச் சரிபார்த்த பிறகுதான் அவரை அனுப்புவார். "இங்கிலாந்தில பரீட்சையே இல்லையாம். குடுத்து வச்சவங்க" என்று ராத்தா பெருமூச்சு விட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வருடம் நானும் அதே பரீட்சைக்குத் தோற்றப் போகிறேன். அதனால் அந்தக் 'கொடுத்து வைத்தவர்களுக்கு' என்ன நேர்ந்தது என்று தேடிப் படித்தேன்.

பரீட்சை ரத்தானதும், ஒவ்வொரு மாணவருக்கும் என்ன சித்தி கிடைத்திருக்கும் என்று அங்குள்ள ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். வகுப்பிலுள்ளவர்களை முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசைப்படுத்தியும் கொடுத்தனர். ஆசிரியர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கிவிடுவார்கள் என்று பரீட்சைகளைக் கண்காணிக்கும் 'ஒஃப்குவால்' என்ற அரச அமைப்பு அஞ்சியது. எனவே ஒரு கணிப்பு முறையை உருவாக்கியது. அம்முறை பாடசாலையின் முந்தைய ஆண்டுகளின் பெறுபேறுகளை எடுத்து, ஏறத்தாழ அதே அச்சில் புதிய மாணவர்களை வரிசைப்படி பொருத்தியது. சில வருடங்களாக யாருக்கும் 'ஏ' கிடைக்காத ஒரு பாடசாலையில் ஒரு கெட்டிக்காரி படித்தால், அவளுக்கு 'ஏ' கிடைப்பது மிகவும் கடினம். அவள் இரவிரவாகப் படித்தது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆனால் ஐந்து பேர் வரையுள்ள மிகச் சிறிய வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீடே ஏற்கப்பட்டது. அத்தகைய வகுப்புகள் கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகளில்தான் அதிகம்.

2020 ஆகஸ்ட் 13ஆம் திகதி பெறுபேறுகள் வெளிவந்தன. ஆசிரியர்கள் மதிப்பிட்டவற்றில் சுமார் 40 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் வீதியில் இறங்கினர். 17ஆம் திகதி அந்த முறை கைவிடப்பட்டு, ஆசிரியர்களின் மதிப்பீடு ஏற்கப்பட்டது. அதற்குள் சில பாடநெறிகளில் இடங்கள் நிரம்பிவிட்டதால், சிலர் ஒரு வருடம் காத்திருக்க நேர்ந்தது.

உண்மையில் இது தானாகக் கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு அல்ல, வெறும் புள்ளிவிபரக் கணிப்புத்தான். அதற்கே இந்தப் பாடு!

சட்டம் எங்கே போனது என்று கேட்கலாம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22ஆம் உறுப்புரை அப்போது பிரித்தானியாவிலும் நடைமுறையில் இருந்தது. ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 'மட்டுமே' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். வரிசைப்படுத்தியது ஆசிரியர், சான்றிதழ் வழங்கியது பரீட்சைச் சபை, ஆகவே இது தானியங்கி முடிவல்ல என்பது ஒஃப்குவாலின் வாதம். எல்லோருக்கும் பங்கு இருந்தது. பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மாணவரை மதிப்பிடும் கருவிகளை உயர் ஆபத்து வகையில் சேர்த்து, மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது.

நமக்கு இஸட் புள்ளி இருக்கிறதே என்று உம்மா கேட்டார். அதுவும் கணக்குத்தான். ஆனால் அது நாம் எழுதிய விடைத்தாளிலிருந்து தொடங்குகிறது; அதன் சூத்திரமும் எல்லோருக்கும் தெரியும். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களைக் கலந்து இஸட் புள்ளி கணித்தபோது, பிழை எங்கே என்று சுட்டிக்காட்டி வழக்குத் தொடர முடிந்தது. 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை ரத்துச் செய்தது. இங்கிலாந்திலோ, முறையை முழுமையாக விளக்கும் 300 பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கை, பெறுபேறு வந்த அன்றுதான் வெளியானது.

நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தானியங்கி முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையைச் சில விதிவிலக்குகளுடன் தருகிறது. அதிலும் அதே 'மட்டுமே' இருக்கிறது. கணினி காட்டும் முடிவை ஒரு அதிகாரி வாசிக்காமலே கையொப்பமிட்டால், அது மனிதர் எடுத்த முடிவாகிவிடுமா? இதை எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியையிடம் கேட்டேன். அடுத்த வார விவாதத்துக்கு அதையே தலைப்பாக்கி, என்னை 'ஆகிவிடும்' என்று வாதிடும் அணியில் போட்டுவிட்டார்.