சைக்கிள் செயின் தேய்ந்துவிட்டதா? டேப்பால் அளந்து பாருங்கள்

செஞ்சியை அடுத்த சிங்கவரம் பகுதியில் பால் கேன், புல்லுக்கட்டு ஏற்றி சைக்கிள் மிதிக்கும் விவசாயிகளே, பாரத்தோடு போகும்போது தேய்ந்த செயின் நழுவினால் கீழே விழ நேரிடும். தேய்மானத்தை வீட்டிலேயே கண்டறியலாம்.

செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கவும். ஒரு பின்னின் நடுவில் இஞ்ச் டேப்பை வைத்து, அதை விட்டு எண்ணினால் வரும் 24ஆவது பின்னின் நடுவரை அளக்கவும். புதுச் செயினில் இது சரியாக 12 அங்குலம். ஒரு நூல் (3 மி.மீ.) கூடியிருந்தால் செயினை மாற்றவும். தள்ளிப்போட்டால் ஃப்ரீவீல் பற்களும் தேய்ந்து, அதையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

மாதம் இருமுறை கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடவும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டும் மண் தூசி உப்புத்தாள்போல் செயினை அராவிவிடும்.