பொது அருகலையில் சொந்தக் கருவிகளை இணைத்தல்

பொது அருகலை (வைஃபை) என்பது ரயில் நிலையம், நூலகம், விடுதி போன்ற இடங்களில் பலரும் பகிர்ந்துகொள்ளும் கம்பியில்லா இணைய வசதியாகும். இதில் ஒருவரின் கைபேசி, மடிக்கணினி இரண்டிலும் இணையம் கிடைத்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு அனுப்ப முடியாமல் போவதுண்டு. இது பெரும்பாலும் பழுதன்று. பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட தடை.

நுழைவுப் பக்கம்

இந்திய ரயில் நிலையங்களில் ரயில்டெல் நிறுவனம் 'ரயில்வயர்' என்ற பெயரில் அருகலை வழங்குகிறது. கூகுளின் துணையுடன் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் இச்சேவை தொடங்கியது. மாங்காட்டு மாணவர் ஒருவர் சென்னை சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருக்கிறார் எனக் கொள்வோம். அவர் நுழைவுப் பக்கத்தில் கைபேசி எண்ணைத் தந்து, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணை இட வேண்டும். இத்தகைய வலையமைப்புகள் பொதுவாக ஒவ்வொரு கருவியையும் அதன் மேக் முகவரியைக் கொண்டு அடையாளம் காண்கின்றன. எனவே கைபேசியில் நுழைந்தது மடிக்கணினிக்குச் செல்லாது. உலாவி இல்லாத அச்சுப்பொறி போன்றவை நுழையவே இயலாது.

கருவிகளைப் பிரித்து வைத்தல்

தெருவுக்கு மட்டும் கதவுள்ள அறைகளை எண்ணிப் பாருங்கள். அடுத்த அறைக்கு வழி இல்லை. அதுபோலவே இங்கு ஒவ்வொரு கருவியும் இணையத்துக்குச் செல்லலாம்; பக்கத்துக் கருவியை அணுக முடியாது. இத்தடை இல்லையெனில், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பகிர்வுக் கோப்புறையைத் திறந்து பார்க்க வாய்ப்புண்டு.

இணைக்கும் வழிகள்

1. யுஎஸ்பி கம்பி: கைபேசியில் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தெரிவு செய்க. வலையமைப்பே தேவையில்லை.

2. கைபேசி ஹாட்ஸ்பாட்: மடிக்கணினியை இதில் இணைத்தால் இரண்டும் ஒரே சிறு வலையமைப்பில் சேரும். இவற்றிடையே அனுப்பும் கோப்புக்கு டேட்டா செலவாகாது. ஆனால் மடிக்கணினி தானே புதுப்பிப்புகளைப் பதிவிறக்கினால் டேட்டா கரையும்.

3. மடிக்கணினி ஹாட்ஸ்பாட்: விண்டோஸ் 10, 11 இயங்குதளங்களில், பொது அருகலையில் நுழைந்த மடிக்கணினியே பிற கருவிகளுக்கு இணையத்தைப் பகிரலாம். அந்த இடத்தின் விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என முதலில் பார்க்கவும்.

4. விபிஎன்: வயர்கார்டு போன்ற மென்பொருள், இணையத்தின் வழியே உங்கள் கருவிகளுக்கு இடையே மறையாக்கப்பட்ட பாதை அமைக்கும். சில இடங்களில் இதுவும் தடுக்கப்படலாம்.

கவனிக்க வேண்டியவை

ஹாட்ஸ்பாட்டுக்கு வலுவான கடவுச்சொல் வைத்து, வேலை முடிந்ததும் அணைக்கவும். விண்டோஸில் ரயில் நிலைய அருகலையை எப்போதும் 'பொது' வகையிலேயே வைத்திருக்கவும். கோப்பு போகவில்லை என்பதற்காக அதைத் 'தனியார்' என மாற்றினாலும் நிலையத்தின் தடை நீங்காது. உங்கள் கணினியின் காவல்தான் தளரும்.