தேடுவோரும் குறிச்சொல்லும்

ஒரு நூல்நிலையத்தில் ஐம்பதினாயிரம் நூல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்று உங்களுக்கு வேண்டும். அதன் பெயரும் தெரியாது. ஆசிரியர் பெயரும் தெரியாது. அது எதைப் பற்றியது என்பது மட்டும் தெரியும். அதனை எவ்வாறு கண்டுபிடிப்பது?

இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே குறிச்சொல். நூலின் பொருள் இன்னது என்று ஒன்றிரண்டு சொற்களால் குறித்து, அச்சொற்களை அகரவரிசையில் அடுக்கி வைப்பார்கள். முன்னாளில் அந்தப் பட்டியல் அட்டைகளில் இருந்தது. இன்று கணிப்பொறியில் இருக்கிறது. இடம் மாறியதே அன்றி, வேலை மாறவில்லை.

குறிச்சொல் இடுவது எளிது என்றே தோன்றும். ஆனால் இட்ட சொல் தேடுகிறவருக்கு அகப்பட வேண்டுமே! தேனீ வளர்ப்பைப் பற்றிப் படிக்க விரும்பி, நான் ஒரு நூல்நிலையப் பட்டியலில் 'தேனீ' என்று தேடினேன். ஒரு நூலும் கிடைக்கவில்லை. பின்னர் அலமாரிகளின் இடையே நடந்து பார்த்தபோது, அப்பொருள் பற்றிய நூல்கள் மூன்று இருக்கக் கண்டேன். மூன்றுக்கும் 'வேளாண்மை' என்று குறித்திருந்தார்கள். குறிப்பில் பிழை இல்லை. ஆயினும் பயனும் இல்லை. தேனீயைத் தேடுகிறவர் வேளாண்மையை நினைப்பதில்லை.

அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் இவ்வுண்மையை 1876-ஆம் ஆண்டிலேயே விதியாக எழுதி வைத்தார். பூனையைப் பற்றிய நூலைப் 'பூனை' என்னும் சொல்லின்கீழ் வைக்க வேண்டும். 'விலங்கியல்' என்றோ 'வீட்டு விலங்குகள்' என்றோ வைத்தல் கூடாது என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. பொருளுக்கு மிக நெருங்கிய சொல்லே குறிச்சொல் ஆக வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, ஒரு பொருளுக்கே பல பெயர்கள் உண்டு. நிலக்கடலை என்பார் ஒருவர். வேர்க்கடலை என்பார் மற்றொருவர். மணிலாக்கொட்டை என்பாரும், மல்லாட்டை என்பாரும் உளர். ஒவ்வொரு பெயரின்கீழும் சில நூல்கள் சிதறிக் கிடந்தால், தேடுகிறவர் ஒரு பகுதியைக் கண்டு, அதுவே முழுவதும் என்று எண்ணித் திரும்பிவிடுவார். ஆகவே ஒரு சொல்லைத் தலைமைச் சொல்லாகத் தேர்ந்து, நூல்களை எல்லாம் அதன்கீழ்ச் சேர்க்க வேண்டும். மற்றச் சொற்களைத் தள்ளிவிடலாமா? கூடாது. 'வேர்க்கடலை: நிலக்கடலை என்பதன்கீழ்க் காண்க' என்று அவற்றையும் வழிகாட்டிகளாக நிறுத்தி வைக்க வேண்டும்.

மருத்துவத் துறையில் இதன் அருமை நன்கு புலனாகும். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இத்தகைய தலைமைச் சொற்பட்டியல் ஒன்றை 1960-இல் வெளியிட்டது. அதனை இன்றும் புதுப்பித்து வருகிறது. புற்றுநோய்க் கட்டுரைகளுக்கு அதில் உள்ள தலைமைச் சொல் 'நியோபிளாசம்ஸ்' என்பதாகும். 'கேன்சர்' என்று கொடுத்துத் தேடினாலும், கணிப்பொறி அந்தத் தலைமைச் சொல்லுக்கு அழைத்துச் செல்கிறது. இவ்வழிகாட்டி இல்லையேல், ஒரு நோயாளிக்கு உதவக்கூடிய கட்டுரை, அவருடைய மருத்துவரின் கண்ணில் படாமலே போய்விடக்கூடும்.

தேடுகிறவர் எப்போதும் மிகச் சரியான சொல்லோடு வருவார் என்று எதிர்பார்க்கலாமா? 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் இதனை ஆழ்ந்து சிந்தித்தார். அவர் வகுத்த சங்கிலி முறையில், ஒரு பொருளின் ஒவ்வொரு கண்ணிக்கும் பட்டியலில் இடம் உண்டு. நெற்பயிரின் நோயைப் பற்றிய நூல் ஒன்று இருப்பின், 'நோய், நெல், வேளாண்மை' என்று ஒரு பதிவு. 'நெல், வேளாண்மை' என்று மற்றொன்று. 'வேளாண்மை' என்று பிறிதொன்று. எந்தக் கண்ணியைப் பற்றி வந்தாலும் வாசகர் நூல் இருக்கும் இடத்தை அணுகிவிடலாம்.

நம் மொழிக்கே உரிய இடர்ப்பாடுகளும் சில உள. நமக்குக் 'கோயில்', 'கோவில்' இரண்டும் ஒன்றுதான்; எழுத்தை மட்டுமே ஒப்பிடும் கணிப்பொறிக்கு அவை வேறு வேறு. 'தென்னை மரத்தின் நோய்கள்' என்று குறித்துவிட்டு 'மரம்' என்று தேடினால், அத்தகைய கணிப்பொறி கைவிரித்துவிடும். வேற்றுமை உருபு ஏறியபோது சொல்லின் வடிவம் மாறிவிட்டதல்லவா? ஆதலால் குறிச்சொல்லை உருபு ஏலாத பெயராகவே எழுதுதல் நலம். இருவகை எழுத்து வழக்கு இருப்பின், இரண்டையும் இணைத்து வைத்தல் வேண்டும்.

சொற்களுக்கும் மூப்பு உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், சமையல் நூல்களுக்கு நெடுங்காலமாக வழங்கிய 'குக்கரி' என்னும் தலைப்பை விட்டு, 2010-இல் 'குக்கிங்' என்னும் வழக்குச் சொல்லை ஏற்றது. இவ்வாறு தலைமைச் சொல் மாறும்போது, பழைய சொல்லும் வழிகாட்டியாக நிற்க வேண்டும். அதனை அறிந்தவர்கள் இன்னும் தேடி வருவார்கள்.

மாணவ நண்பர்களே, குறிச்சொல் இடுகிறவருக்குப் பொருள் முன்னமே தெரியும். தேடுகிறவருக்கோ இனிமேல்தான் தெரிய வேண்டும். ஆகவே வழியை அமைக்கும் பொறுப்பு முன்னவருடையதே. உங்கள் பாடக்குறிப்பாயினும், கல்லூரி மலரின் பொருளடைவாயினும், ஒரு சொல்லை எழுதுமுன், 'இதனைத் தேடி யார் வருவார்? எந்தச் சொல்லோடு வருவார்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லையும் தவறாமல் எழுதி வையுங்கள். பல்லாண்டு உழைத்து ஒருவர் எழுதிய நூல், 'இல்லை' என்று ஒரு மாணவர் திரும்பிப் போகும்படி அலமாரியில் ஒளிந்து கிடத்தல் ஆகாது.