பேரனுடன் ஒரு எலி வேட்டை

வேட்டை என்றதும் நீங்கள் புலியையும் துப்பாக்கியையும் நினைத்துக் கொண்டால் அதற்கு நான் பொறுப்பாளி அல்ல. நான் போன வேட்டையில் ஆயுதம் ஒரு டார்ச் லைட். மிருகமோ ஒரு சாண் நீளம். கூட வந்த வீரருக்கு வயது 10. அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன்!

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மார்கழியில் சம்பா கதிர் பால் பிடிக்கும் சமயம். காலையில் வரப்பில் நடந்தபோது வயலின் நடுவே நாலு பாய் விரிக்கும் அளவுக்குப் பயிர் விழுந்து கிடந்தது.

"மாடு மேஞ்சிடுச்சா, தாத்தா?" என்றான்.

குனிந்து பார்க்கச் சொன்னேன். மாடு மேய்ந்தால் நுனி போகும். எலியோ அடித் தண்டைப் பேனாக்கத்தியால் சீவினாற்போல் சாய்வாக வெட்டும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்து கொண்டே இருப்பவை. கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. தின்பது கொஞ்சம், வெட்டிப் போடுவது அதிகம். போதாக் குறைக்குக் கதிர்களை இழுத்துப் போய் வளைக்குள் சேமித்து வைக்கும்.

"எலிக்கும் பொங்கல் வருதா?" என்றான் பயல். சிரித்து வைத்தேன். விழுந்து கிடந்தது என் பொங்கல் அல்லவா!

எந்த வளையில் எலி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு ஏற்ற வேலை. சாயங்காலம் எல்லா வளைகளையும் சேற்றால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதுதான் குடியிருக்கும் வீடு. என் பேரன் 11 வளைகளை அடைத்தான், 4 திறந்திருந்தன. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் போல் துள்ளினான்.

ஆனால் தாத்தாமார்களே, இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எலி வளையில் நல்ல பாம்பும் இருக்கும். பிள்ளை கையை விடக் கூடாது. காலில் காயம் இருந்தால் வயல் தண்ணீரில் இறக்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக் காய்ச்சல் வரலாம். செத்த எலியையும் வெறுங்கையால் தொடலாகாது. இவனுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டித்தான் அழைத்துப் போனேன். அழகு பார்க்கவா போனோம்?

அன்று மாலை கிட்டிக்காரர் வந்தார். கிட்டி தஞ்சாவூர்ச் சீமையின் சொந்தச் சரக்கு. வில்லாக வளைத்த மூங்கில், ஒரு நாண், நடுவில் இரை. எலி இரையைத் தொட்டதும் நாண் விடுபட்டுக் கழுத்தை இறுக்கிவிடும். பிடித்த எலியை எண்ணித்தான் கூலி. நியாயமாகப் பார்த்தால் பயிர் இளசாக இருக்கும்போதே, அக்கம்பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து, கிட்டி வைக்க வேண்டும். தனியாக வைத்தால் அடுத்த வயல் எலி நம் வயலுக்குக் குடி வந்துவிடும். நான் சோம்பேறித்தனமாக மார்கழி வரை விட்டது என் தப்பு.

இரவு பனியில் துண்டால் தலையைச் சுற்றிக் கொண்டு களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தோம். 'டப்' என்று முதல் கிட்டி விழுந்ததும் பேரன் "ஒண்ணு!" என்று கத்தினான். இரண்டு, மூன்று என்று எண்ணினான். நாலாவது கிட்டியைக் கிட்டிக்காரர் டார்ச் வெளிச்சத்தில் தூக்கியபோது எண்ணவில்லை.

"ரொம்ப வலிச்சிருக்குமா, தாத்தா?"

'எலிக்கு என்னடா வலி' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிட்டிக்காரர் முந்திக் கொண்டார். "நாண் சரியா விழுந்தா வலிக்க நேரமில்லே, தம்பி. சரியா விழ வைக்கிறதுதான் என் தொழில்."

பேரன் தலையாட்டினான். அப்புறம், "மருந்து வெச்சா நாம இங்கே உட்கார வேண்டாமே?" என்று கேட்டான்.

அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நானும் விஷ வில்லை வைத்தேன். அது உடனே கொல்லாது. எலி சில நாள் தள்ளாடித் திரிந்து சாகும். ஒரு வாரத்துக்குள் எங்கள் பனைமரத்தடியில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. அந்த விஷத்தால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கு நிரூபணம் வேண்டியிருக்கவில்லை. ராத்திரி முழுதும் கூலி கேட்காமல் எலி பிடித்த ஆள் அது. வரப்பில் ஓடும் சாரைப் பாம்பும் அப்படித்தான். பார்த்தவுடன் தடியை எடுக்கிறோம்!

ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னால் பேரன் வயலில் மூன்று இடத்தில் கழி நட்டான். பயிருக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி, உச்சியில் குறுக்குக் கட்டையோடு. ஆந்தை வந்து உட்காருவதற்குத்தான். கூகை எலியை முழுசாக விழுங்கி, ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும் என்று சொன்னதும் அவன் கண்கள் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு டெலிபோனில் என் சௌக்கியத்தை விசாரிப்பதில்லை. "ஆந்தை வந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. போன வெள்ளிக்கிழமை நடுக்கழியின் அடியில் கறுப்பாக ஓர் உருண்டை கிடந்தது. குச்சியால் எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அவன் பாட்டிக்குத் தெரியாமல்.