மோட்டார் கொட்டகைக்குள் ஓர் இயங்குதளம்

கணினி என்றால் திரையும் விசைப்பலகையும் உடைய ஒன்று என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை என்றாலும், உலகில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இவை இரண்டும் இல்லாதவை. மின்மீட்டர், சலவை இயந்திரம், மருத்துவமனைச் சொட்டு மருந்துக் கருவி போன்றவற்றின் வயிற்றுக்குள் அடங்கி, ஒரே வேலைக்கென அமர்த்தப்பட்ட இவற்றை உட்பொதி கணினிகள் என்பர். கோவை மாவட்டம் அன்னூர் வட்டாரத்தில், வாழைக்கோ மக்காச்சோளத்துக்கோ தண்ணீர் பாய்ச்ச, பேருந்து நிலையத்தில் நின்றபடியே செல்பேசியில் அழைத்துத் தோட்டத்து மோட்டாரை ஓடவிட உதவும் ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ பெட்டிக்குள் இருப்பதும் அத்தகைய கணினிதான்.

இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியில் 1937இல் பீளமேட்டில் உருவானதிலிருந்து மோட்டாரும் பம்ப்செட்டும் இம்மாவட்டத்தின் குலத்தொழில் போலவே ஆகிவிட்டன. மழை குறைந்த அன்னூர்ப் பகுதியிலோ ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டன. அத்தனை ஆழத்தில் தொங்கும் மோட்டாரின் சுற்றுக்கம்பி (‘காயில்’) எரிந்தால், குழாய் குழாயாகக் கழற்றி மேலே தூக்கி, மறுபடி காயில் கட்டி இறக்க வேண்டும் என்பதால், ஸ்டார்ட்டரின் தலையாய கடமை மோட்டாரை ஓடவிடுவதைவிட, ஓடக்கூடாத நேரத்தில் உடனே நிறுத்துவதே.

பெட்டியைத் திறந்தால், ‘தடக்’ என்று இழுக்கும் காண்டாக்டருக்கும் மிகுமின்னோட்ட ரிலேவுக்கும் பக்கத்தில், செல்பேசி சிம் செருகிய மோடமும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சில்லும் பொருத்திய சிறிய பலகை ஒன்று தெரியும். இவ்வகைச் சில்லுகளில் பரவலான ஒன்றில் நிரலுக்கு 64 கிலோபைட்டும், வேலை நடக்கும்போது எழுதி அழிக்க 20 கிலோபைட்டும் மட்டுமே நினைவகம் உண்டு; பின்னது நான்கு ஜிபி செல்பேசி ஒன்றின் நினைவகத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. சில மெகாபைட்டாவது கேட்கும் லினக்ஸ் இதற்குள் நுழையவே முடியாது.

இந்தச் சின்ன இடத்தில்தான் மூன்று ஃபேஸும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், மின்னோட்டத்தை அளப்பதும், தண்ணீரின்றி வெறுமனே ஓடும் ‘ட்ரை ரன்’ நிலையைக் கண்டுபிடிப்பதும், அழைப்பை ஏற்பதும், குறுஞ்செய்தி அனுப்புவதும் ஒருசேர நடக்க வேண்டும். எளிய பெட்டிகளில் இயங்குதளம் என்று எதுவும் இருப்பதில்லை. செக்கு மாடு போல இவ்வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவரும் ஒரே நிரல்தான் ஓடும். கோளாறு எங்கே வருகிறது என்றால், மோடத்திடம் குறுஞ்செய்தியைக் கொடுத்துவிட்டு அது ‘போய்விட்டது’ என்று பதில் சொல்லும்வரை காத்திருக்கும் சில நொடிகளில்தான். அந்நேரம் பார்த்து ஒரு ஃபேஸ் அறுந்தால், மீதி இரண்டில் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காக ஏற, சுற்றுக்கம்பி சூடாகிக்கொண்டிருக்க, நிரலோ மோடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். (மென்பொருளை நம்பாத பழைய மிகுமின்னோட்ட ரிலே இன்றும் பெட்டியை விட்டுப் போகாததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.)

இதற்குத் தீர்வாக வந்ததே நிகழ்நேர இயங்குதளம். நிகழ்நேரம் என்றால் வேகம் என்று பொருளல்ல. குறித்த வேலை குறித்த கெடுவுக்குள் முடியும் என்ற உறுதியே அதன் பொருள். வேலைகளைத் தனித்தனிப் ‘பணி’களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் கொடுத்துவிட்டால், ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை அடிக்கும் கடிகாரத் துடிப்பின்போது, குறுஞ்செய்திப் பணி எந்த வரியில் இருந்தாலும் அதன் அப்போதைய நிலையைச் சில எண்களாகக் குறித்து வைத்துவிட்டு, இயங்குதளம் மின்னோட்டப் பணியை உள்ளே விடும்; அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பழையது தொடரும். நம் மின்சாரத்தின் ஓர் அலை ஐம்பதில் ஒரு நொடி என்பதால், அலை ஒன்றுக்கு இருபது முறை மின்னோட்டத்தை அளந்துவிட முடிகிறது.

இத்தகைய இயங்குதளங்களில் மிகப் பரவலானது ரிச்சர்ட் பாரி 2003இல் வெளியிட்ட ஃப்ரீஆர்டிஓஎஸ். அதன் கருவகம் (கெர்னல்) முதன்மையாக மூன்றே சி மொழிக் கோப்புகளில் அடங்குகிறது. சில்லில் ஏற்றினால் 6 முதல் 12 கிலோபைட் பிடிக்கும். சுவீடனின் ஆடம் டங்கல்ஸ் எழுதிய காண்டிகி, 2016இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்த செஃபிர், ஹுவாவே நிறுவனம் 2020இல் அறக்கட்டளை ஒன்றுக்கு வழங்கிய ஓப்பன்ஹார்மனி ஆகியனவும் சிறு கருவிகளுக்கான இயங்குதளங்களே. எல்லாவற்றின் மூலநிரலும், அதாவது எந்திர மொழிக்கு மாற்றப்படுமுன் மனிதர் எழுதிய வரிகளும், யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன.

படிக்க முடிவதில் என்ன பயன் என்பதற்கு, 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் நல்ல சான்று. இறங்கிய சில நாள்களில் அதன் கணினி தானே அணைந்து மீண்டும் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டது. வானிலைத் தரவைச் சேகரிக்கும் தாழ்ந்த பணி ஒரு பொதுப் பூட்டை (ஒரே நேரத்தில் ஒரு பணியை மட்டும் உள்ளே விடும் குறியை) கையில் வைத்திருக்க, அதற்காக உயர்ந்த பணி ஒன்று காத்திருக்க, இவ்விரண்டுக்கும் நடுத்தரமான மூன்றாவது பணி ஒன்று குறுக்கே புகுந்து தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்ததால், மேலே இருப்பது கீழே இருப்பதற்காகக் காத்துக் கிடந்து கெடு தவற, கணினி மீண்டும் தொடங்கியது. முன்னுரிமைத் தலைகீழ் எனப்படும் இக்கோளாறுக்கு மருந்து, பூட்டு வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு அது பூட்டை விடும்வரை உயர்ந்ததின் முன்னுரிமையை இரவல் கொடுப்பது. அந்த வசதி விண்கலத்தின் வணிக இயங்குதளத்திலேயே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தனர். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸிலோ மியூடெக்ஸ் வகைப் பூட்டுக்கு இந்த இரவல் உண்டு, இரும செமஃபோர் வகைக்கு இல்லை என்பதைப் பீளமேட்டில் ஸ்டார்ட்டர் செய்யும் ஒருவர் ‘கியூ’ என்ற கோப்பைத் திறந்து தாமே பார்த்துக்கொள்ளலாம். பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று யாருக்கும் உரிமக் கட்டணம் தர வேண்டியதில்லை என்பது, ஆயிரம் ஐந்நூறு பெட்டி செய்யும் சிறு பட்டறைக்குச் சாதாரண உதவி அல்ல. சில்லும் இதே வழியில் திறக்கத் தொடங்கியிருக்கிறது: சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய சக்தி திட்டத்தின் செயலி வடிவமைப்புகள் பொதுவில் கிடைக்கின்றன, அவற்றுள் சிறிய இ-வகை, ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் போன்றவற்றை ஓட்டுவதற்கென்றே அமைந்தது.

ஆனால் திறந்திருப்பது யாருக்கு என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2017இல் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பொறுப்பை அமேசான் ஏற்றபோது, அதன் உரிமம் ஜிபிஎல்லின் திருத்திய வடிவத்திலிருந்து எம்ஐடிக்கு மாறியது. கருவகத்தைத் திருத்தி விற்பவர் திருத்தத்தை வெளியிட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு போய், பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்த்தால் போதும் என்றானது. சுதந்திரம் பெட்டி செய்பவருக்குக் கூடியது. அதை வாங்கிக் கொட்டகைச் சுவரில் மாட்டும் விவசாயிக்கு, உள்ளே எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதுகூடப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதில்லை.

இக்குறை வெறும் கொள்கைக் குறை அன்று. 2018இல் சிம்பீரியம் நிறுவன ஆய்வாளர் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் இணையத் தொடர்புப் பகுதியில் 13 ஓட்டைகளைக் கண்டறிந்தார்; அமேசான் திருத்தம் வெளியிட்டது. 2020 டிசம்பரில் ஃபோர்ஸ்கவுட் நிறுவனம் இத்தகைய நான்கு திறந்த மூல நிரல்களில் 33 ஓட்டைகளை அறிவித்தபோது, டங்கல்ஸ் பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய யுஐபியும் பட்டியலில் இருந்தது. விதை நெல் போல ஊர் ஊராகக் கைமாறிப் போன நிரலுக்கு, மூலத்தில் செய்த திருத்தம் படிகளுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை.

2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம், பவானி உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்க்கிறது; ஆறாவது நிலையம் அன்னூரில். இவ்வளவு பரந்த இடத்தில் உட்பொதி கணினிகளைப் பொருத்தினால், ஓட்டைகளை அடைக்க அவற்றுக்கு ஆள் அனுப்பி ஒவ்வொன்றாக நிரல் மாற்றுவது ஆகிற காரியமில்லை என்பதால், இத்தகைய அமைப்புகளுக்கென எம்சியுபூட் போன்ற தொடக்க நிரல்கள் வந்துள்ளன. இவை சில்லின் நினைவகத்தை இரு பாதியாகப் பிரித்து, பழைய நிரல் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அலைவழி வரும் புதியதை மற்றதில் எழுதி, கையொப்பத்தைச் சரிபார்த்த பின்பே ஓடவிடும். எழுதும்போது பாதியில் மின்சாரம் போனாலும், ஓடத் தொடங்கிய புதியது ‘நலம்’ என்று குறி வைக்கத் தவறினாலும், அடுத்த தொடக்கத்தில் பழையதற்கே திரும்பிவிடும். நினைவகம் இரட்டிப்பாகத் தேவைப்படும் என்பதால் சில்லின் விலை கொஞ்சம் கூடும். மலிவான பெட்டிகளில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.