காருக்கு ஒரு காவலன்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணியிருக்கும். வெள்ளவத்தையில் எமது ஒழுங்கை முழுவதும் உறங்கிக்கொண்டிருந்த வேளை, அயல்வீட்டு மோட்டார்க் கார் திடீரென அலறத் தொடங்கியது. அதன் விளக்குகள் விட்டுவிட்டு மின்னின. உரிமையாளர் ஓடிவந்து, கையிலிருந்த திறப்பின் பொத்தானை அழுத்தினார், மீண்டும் அழுத்தினார். பயனில்லை. எதிர்வீட்டில் நோயுற்றிருந்த முதியவர் யன்னலைத் திறந்து, “தம்பி, உம்முடைய காருக்கு எப்போதுதான் நித்திரை வரும்?” என்று கேட்டார். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை!

நான்காவது முறை அலறியபோது ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை. நாமும் தலையணையாற் காதைப் பொத்திக்கொண்டோம். விடிந்த பின்னரே காரின் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் களவு போனமை தெரிந்தது. “புலி வருகிறது” என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை எமது ஒழுங்கையிலேயே நடந்து முடிந்திருந்தது.

அபாய ஒலிக்கருவி கள்வனைப் பிடிப்பதில்லை. அயலவரைக் கூவி அழைக்கிறது, அவ்வளவே. அயலவர் அதன் குரலை நம்பும் வரையிலேதான் அதற்கு வலிமையுண்டு. ஆகவே, அதனை இயக்கவும் அடக்கவும் அறிந்திருப்பது கார் வைத்திருப்போரின் கடமையாகும். நம் நாட்டில் ஓடும் கார்களுட் பல, ஜப்பானிற் சிலகாலம் ஓடிய பின் இங்கு வந்தவை. அவற்றோடு வரும் கைநூல் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே இருப்பதால், பலர் இம்முறைகளை அறியாதிருத்தல் வியப்பன்று.

காவலிடும் முறை

முதலிற் கண்ணாடிகளை உயர்த்தி, கதவுகள், எஞ்சின் மூடி, பின்கதவு யாவும் நன்கு மூடியுள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். பின்னர் திறப்பிலுள்ள பூட்டும் பொத்தானை அழுத்தினால், பக்க விளக்குகள் ஒருமுறை மின்னும். உள்ளே முகப்புப் பலகையில் ஒரு சிறு சிவப்பு விளக்குத் தெரியும். பல கார்களில் ஏறத்தாழ அரை நிமிடத்தில் அது கண் சிமிட்டத் தொடங்கும். காவல் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். புறப்படுமுன் கதவின் கைபிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். திறப்பு அனுப்பும் வானொலி அலையை வேறோர் அலையாற் குழப்பி, கதவு பூட்டப்படாமற் செய்யும் கள்வரும் உளர்.

காருக்குள் எவரேனும் இருக்கையில் இவ்வாறு பூட்டுதல் ஆகாது. உள்ளிருப்பவர் கதவைத் திறந்த மாத்திரத்தே கருவி அலறும். அதனிலும் பெரிய ஆபத்து வெப்பமாகும். வெயிலில் நிற்கும் காரினுள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். குழந்தையை அதில் விட்டுச் செல்லுதல் உயிருக்கே கேடு.

அலறினால் என் செய்வது?

பதற்றம் வேண்டாம். திறக்கும் பொத்தானை அழுத்தினாற் பெரும்பாலும் ஒலி அடங்கும். அடங்காவிடின், திறப்பினுள் உள்ள காசு போன்ற சிறு பற்றறி வலுவிழந்திருக்கலாம். எமது அயலவருக்கு நேர்ந்ததும் இதுவே. அவ்வேளை, திறப்பின் உட்புறத்தே செருகியிருக்கும் உலோகத் திறப்பை உருவியெடுத்துக் கதவைத் திறக்கலாம். ஒலி தொடர்ந்தாலும் அஞ்சாது உள்ளே அமர்ந்து எஞ்சினை இயக்குங்கள். கார் தன் உரிமையாளரை அறிந்து அடங்கிவிடும். பொத்தானால் இயக்கும் கார்களில், பிரேக்கை மிதித்தவாறு திறப்பை அப்பொத்தானின் மீது ஒட்டிப் பிடித்துப் பின் அழுத்துதல் பல வகைகளுக்குப் பொதுவான முறையாகும்.

வீண் அலறல் ஏன்?

பின்னர் வாங்கிப் பொருத்தும் கருவிகள் பலவற்றில் அதிர்ச்சியை உணரும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. அதன் உணர்ச்சி மிகுந்திருந்தால் இடிமுழக்கம், லொறியின் அதிர்வு, சித்திரைப் புத்தாண்டு வெடி யாவும் அதற்குக் கள்வரே! அதிலுள்ள திருகியைச் சற்றுத் திருப்பி உணர்ச்சியைக் குறைக்கலாம். காரின் மின்வேலை அறிந்தவரிடம் விடுதல் நன்று. சரியாக மூடாத கதவு, பழுதுற்ற கதவுச் சுவிச், வலுவிழந்த கார்ப் பற்றறி ஆகியனவும் வீண் அலறலுக்குக் காரணமாகலாம். வீண் ஒலியின் தொல்லை எங்குமுள்ளதே. நியூயோர்க் நகரில், காரின் அபாய ஒலி மூன்று நிமிடங்களுக்குள் தானாகவே நின்றுவிடல் வேண்டுமென்று சட்டமே உண்டு.

ஓசையில்லாக் காவலன்

இக்காலக் கார்கள் பலவற்றில் ஓசையெழுப்பாத வேறொரு காவலனும் உண்டு. திறப்பினுள் மிகச் சிறிய மின்னணுத் துணுக்கொன்று பதிந்திருக்கும். அதற்குப் பற்றறி தேவையில்லை; திறப்புப் போடுமிடத்தைச் சூழ்ந்த கம்பிச் சுருள் அதற்கு வேண்டிய மின்னாற்றலை அளிக்கிறது. துணுக்குச் சொல்லும் இரகசிய எண் பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இத்தகைய தடைக்கருவி கட்டாயமாக்கப்பட்டது; அவுஸ்திரேலியா 2001 இல் அவ்வழியைப் பின்பற்றியது. ஒலிக்கருவி கள்வனை அச்சுறுத்தும். இதுவோ காரை நகரவிடாது. எனினும் பக்கக் கண்ணாடியையும், இருக்கையில் விட்ட கைப்பையையும் இது காக்காது. ஆதலின் இரண்டும் வேண்டியனவே.

பொத்தானை அழுத்தாமலே கதவு திறக்கும் வகைக் கார் உங்களுடையதாயின், இரவில் திறப்பை வாசற்கதவருகே தொங்கவிடாதீர்கள். அதன் அலையைக் கருவிகளால் வாங்கி, வெளியே நிற்கும் காருக்குக் கடத்திக் களவாடுவோர் பல நாடுகளில் உளர். திறப்பை மூடியுள்ள தகரப்பேணி ஒன்றில் இட்டு வைத்தால் அலை வெளிச்செல்வது பெரிதும் தடைப்படும்.

ஞாயிற்றுக்கிழமைப் பகலில், அயலவருக்கு முன்னறிவித்துவிட்டு, ஒரு சோதனை செய்து பாருங்கள். சாரதிப்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே நின்று, திறப்பைக் கையில் வைத்தபடியே காரைப் பூட்டுங்கள். ஒரு நிமிடம் கழித்து, கண்ணாடி வழியே கைவிட்டுக் கதவை உள்ளிருந்து திறந்தால் கருவி அலறுதல் வேண்டும். அதனை அடக்கும் வகையை வீட்டில் கார் ஓட்டுவோர் ஒவ்வொருவரும் செய்து பழகுக.

எமது அயலவரும் அவ்வாறே பழகினார், பற்றறியை மாற்றினார், திருகியையும் திருத்துவித்தார். மூன்று மாதங்களாக அக்கார் வாய் திறக்கவில்லை. இனி அது அலறுமாயின், எதிர்வீட்டு முதியவர் உட்பட ஒழுங்கை முழுவதும் எழுந்து வரும் என்பதில் எமக்கு ஐயமில்லை.